வெயிலில் எபாக்சி நிற்கவில்லை: நாமே படகு கட்ட இடம் தரும் பட்டறை எங்கே கிடைக்கும்?

நீலாங்கரைவாசி:
வணக்கம். 16 அடியில் சின்னப் பாய்மரப் படகு ஒன்றை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். 6 மி.மீ. மரைன் பிளை (தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை), அதற்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 உள்ளது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்சியும் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) கண்ணாடி இழைத் துணியும் போடுகிற முறை. பலகை எல்லாம் வெட்டி, முனைகளைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் சரிவு மூட்டுப் போட்டு நீளமாக்கியாச்சு. இன்னும் தைக்கவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரைக்கு அடியில்தான் வேலை.

சித்திரை பிறந்ததிலிருந்து பசை கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. 300 கிராம் கலந்தால் பாதிகூடப் பூசி முடிப்பதற்குள் கப் சூடாகிப் புகைகிறது, பிளாஸ்டிக் நெளிந்துவிடுகிறது. அதனால் விடியற்காலை 5 மணிக்குப் பூசிப் பார்த்தேன். அப்போது பூச்சு முழுக்க ஊசிமுனைக் குமிழ். மறுநாள் மேலே மெழுகு தடவியதுபோல் ஒரு பிசுக்கு வேறு.

கடலூர், புதுச்சேரி, குமரி, எங்கே என்றாலும் பரவாயில்லை. வெயில் இவ்வளவு கொளுத்தாத ஊரில், மாத வாடகைக்கு ஒரு மூலை கொடுத்து நம்மையே வேலை செய்ய விடுகிற படகுப்பட்டறை இருக்கிறதா? ஆபீஸ் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம், ஆறு மாதம் தங்க முடியும்.

கடலூர் ஃபைபர் வேலை:
சார், எங்க பக்கம் பட்டறைக்குக் குறைச்சல் இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுதான். ஓனர்கிட்ட பேசினா ஒரு மூலை கொடுப்பாங்க. ஆனா உங்க வேலைக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். நாங்க போடறது பாலியஸ்டர் ரெசின், எபாக்சி இல்ல. மோல்டுல (அச்சுல) இருந்து படகு கழண்டு வரணும்னு மெழுகு தேய்ப்போம். அந்த மெழுகு கை, துணி, ரோலர்னு எல்லாத்துலயும் இருக்கும். உங்க பலகை மேல பட்டுட்டா எபாக்சி அந்த இடத்துல ஒட்டாம, வட்டம் வட்டமா விலகி நிக்கும். கிரைண்டர் தூசியும் நாள் முழுக்கப் பறக்கும். ஈரப் பூச்சு மேல அது விழுந்தா மறுபடி தேய்க்கிற வேலைதான். வெயிலும் சென்னை மாதிரியேதான்.

கோவைத் தச்சர்:
தம்பி, நீங்க கேக்கறது பட்டறைங்க. உங்களுக்கு வேணுங்கறது நிழலும் சரியான ஹார்டனரும் (எபாக்சியை இறுக வைக்கற ரெண்டாவது திரவம்). படகு கட்டி முடியற வரைக்கும் அதுக்குத் தண்ணி தேவையில்லீங்க.

முதல்ல கப் புகையறது. எபாக்சி இறுகும்போது தானே சூட்டைக் கக்கும். கப்புல குமிச்சு வெச்சா அந்தச் சூடு வெளியேற வழியில்லாம இன்னும் வேகமா இறுகும். வெப்பம் 10 டிகிரி ஏறினா கையில இருக்கற நேரம் ஏறக்குறைய பாதியாயிருமுங்க. 100 கிராமுக்கு மேல கலக்காதீங்க, கலந்த உடனே அகலத் தட்டுல ஊத்திப் பரப்பிருங்க. எந்த ஹார்டனர் வாங்கினீங்க? வெஸ்ட் சிஸ்டம்ங்கற எபாக்சி ரகத்தையே எடுத்துக்குங்க: 22 டிகிரியில 205 ஹார்டனர் 9 முதல் 12 நிமிஷம், 206 ஒரு 20-25, 209 போட்டா 40-50 நிமிஷம் நிக்கும். எந்தக் கம்பெனி வாங்கினாலும் வெயில் ஊருக்கு மெதுவான ரகம்தான். ஹார்டனரைக் குறைச்சு ஊத்தினா மெதுவா இறுகும்னு சில பேர் சொல்லுவாங்க. அதை மட்டும் கேக்காதீங்க. மெதுவா எல்லாம் இறுகாது, உள்ளுக்குள்ள காலத்துக்கும் ரப்பர் மாதிரி நின்னுரும்.

அடுத்தது குமிழ். விடியக்காலையில பூசினா வெயில் ஏற ஏற பலகைக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு, பூச்சைத் துளைச்சுட்டு வெளிய வரும். சூடு இறங்கற நேரத்துல, அதாவது சாயங்காலம் 4 மணிக்கு மேல பூசுங்க. அப்ப மரம் பசையை உள்ள இழுக்கும். மெழுகு மாதிரிப் பிசுக்கு வந்ததும் அந்த விடியக்காலை ஈரத்துனாலதான். ஹார்டனர் காத்துல இருக்கற ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேந்து அப்படி ஆயிருது. வெறும் தண்ணியும் பச்சை நாரும் போட்டுக் கழுவிட்டு, துடைச்சு, அப்புறமா உப்புத்தாள் போடுங்க. கழுவாம தேய்ச்சா பிசுக்கு பரவி அடுத்த கோட் பிடிக்காது.

இடம்னு பாத்தா கோவை, பொள்ளாச்சிப் பக்கம் வாடகைக்கு ஷெட் கிடைக்கும். ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வரும், உடம்புக்கும் சுகம், பசைக்கும் சுகம். அந்தக் காத்து மண்ணையும் அள்ளிட்டு வருங்கறதால மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டாயம் வேணும்.

முட்டத்துக்காரர்:
தச்சர் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் தம்பி ஒரு தடவை எங்க ஊருக்கு வரணும். பெரிய மரம் கிடைக்காம வள்ளத்துக்கு (மரத்தைக் குடைந்து செய்யும் படகு) தட்டுப்பாடு வந்தப்ப, 1980களின் தொடக்கத்தில் எங்க குமரி மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் படகு கட்டிப் பழகினாங்க. அலையில் அடித்து இறக்குகிற கரைக்கு அந்தப் பிளை எப்படி வளையணும், எந்த மூட்டில் முதலில் தண்ணி ஏறும் என்பதெல்லாம் இங்கே உள்ள தச்சர்களுக்குக் கையோடு வந்த அறிவு. அணியத்தில் (படகின் முன்முனை) ரெண்டு பலகை சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லிவிடுவாங்க. புத்தகமும் வரைபடமும் அதைத் தராது, அதனாலதான் சொல்றேன்.

பருவம் மட்டும் பார்த்துக்கோங்க. குமரிக்கு ரெண்டு மழையும் உண்டு. தையும் மாசியும்தான் எங்களுக்குக் காய்ந்த மாசம், சூடும் மிதமா இருக்கும். கடற்காற்றில் உப்பு படியும், ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் நல்ல தண்ணியில் துடைக்கணும்.

நீலாங்கரைவாசி:
மூவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது வேகமான ஹார்டனர்தான், நாளைக்கே மாற்றுகிறேன். பலகைகள் இன்னும் தட்டையாக இருப்பதால் ஆனியில் கோவைக்கு ஏற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. தைப்பு, மூட்டு, துணி மூன்றையும் அங்கே முடித்து, தையில் முட்டத்துக்குக் கொண்டுபோய் பெரியவர்களிடம் காட்டி, மிச்சத்தை அங்கே செய்கிறேன். முழுப் படகாக லாரியில் வரும்போது உருவம் கோணாதா? ஷெட் பேசும்போது வேறு என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

கோவைத் தச்சர்:
உள் சட்டங்களும் குறுக்குப் பலகையும் ஒட்டாம லாரியில ஏத்தாதீங்க. அது முடிஞ்சுதுன்னா கோணாது. 17 அடி ஐச்சர் லாரி போதும். கவுத்துப் போட்டு, அடியில பழைய டயர் குடுத்து, அகலப் பெல்ட்ல கட்டுங்க. கயிறு விளிம்பை அறுத்துரும். ஷெட்டுக்கு மூணு விஷயம் கேளுங்க: கூரை சிமெண்ட் ஷீட்டா தகரமா, தரை காங்கிரீட்டா, ராத்திரி பூட்டு யார்கிட்ட இருக்கும். தகரமா இருந்தா மேல தென்னங்கீத்து போட விடுவாங்களான்னும் கேட்டுருங்க.

முட்டத்துக்காரர்:
வெளிப்பூச்சு வெள்ளையா, இல்ல வெளிர் நிறமா இருக்கட்டும். கறுநீலம் அடித்தால் கரையில் கிடக்கும்போது சூடேறி எபாக்சி இளகும். பெயின்ட் இல்லாமல் வெறும் எபாக்சியை வெயிலில் விடவே கூடாது. தையில் வரும்போது சரிவு மூட்டுப் போட்ட துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் கையோடு கொண்டு வாங்க. உடைத்துப் பார்த்துச் சொல்றேன். மரம் கிழிந்தால் உங்க மூட்டு நல்ல மூட்டு, பசை பிளந்தால் மறுபடி போடணும்.

நீலாங்கரைவாசி:
வெட்டிய துண்டு நாலைந்து இருக்கிறது. அவ்வளவு நாள் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்றை உடைத்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.