குளோரின் அளவு சரியாகக் காட்டியும் ஹாட் டப் நீர் கலங்குவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1,200 லிட்டர் கொள்ளளவுள்ள ஹாட் டப் (வெந்நீரில் அமர்வதற்கான தொட்டி) ஒன்று இருக்கிறது. நானும் என் மனைவியும் நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் அதில் அமர்வோம். வெப்பநிலையை 38 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் டைகுளோர் என்ற குளோரின் தூளை 7 கிராம் அளவில் போடுகிறேன்.

நீர் நிரப்பி ஏழு வாரங்கள் ஆகின்றன. முதல் மாதம் தெளிவாக இருந்த நீர் இப்போது சோறு வடித்த கஞ்சியைப் போல மங்கிவிட்டது. நீரைப் பீய்ச்சும் ஜெட்டை இயக்கினால் நுரை பொங்குகிறது. மூடியைத் திறந்ததும் குளோரின் நெடி மூக்கில் ஏறுகிறது. சோதனைப் பட்டையோ குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), காரத்தன்மை (கரைந்துள்ள கார உப்புகளின் அளவு) 140 பிபிஎம் என்றே காட்டுகிறது. நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஹெச் மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை 8-ஐத் தாண்டிவிடுகிறது. அதைக் குறைக்கும் மருந்தைப் போட்டாலும் மீண்டும் ஏறிவிடுகிறது. போதாக்குறைக்குச் சென்ற வாரம் முதுகிலும் தொடையிலும் அரிப்புடன் சிவந்த பருக்கள் தோன்றியிருக்கின்றன. குளோரினை இன்னும் கூட்ட வேண்டுமா, அல்லது தொட்டியில்தான் கோளாறா?

முதல் பதில்

தொட்டியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பருக்கள் வந்திருப்பதால், நீரை மாற்றும் வரை இருவரும் அதில் இறங்க வேண்டாம்.

நீங்கள் போடும் டைகுளோரில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் சேரும்போது சுமார் 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்ந்துவிடும். நீங்கள் சொல்லும் 7 கிராம், 1,200 லிட்டருக்கு ஏறத்தாழ 3 பிபிஎம் குளோரினைத் தரும். குளோரின் நாள்தோறும் செலவாகிவிடும். சயனூரிக் அமிலம் செலவாகாமல் தங்கிவிடும். ஏழு வாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது இப்போது 130 பிபிஎம்மை நெருங்கியிருக்க வேண்டும். அந்த அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பட்டை காட்டும் 3 பிபிஎம் பொய்யில்லை. அதில் பெரும்பகுதி கட்டிப்போடப்பட்ட குளோரின் என்பதைத்தான் பட்டை சொல்வதில்லை.

நெடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளோரின் மிகுந்தால்தான் அப்படி வீசும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நானும் முதலாண்டு அப்படித்தான் எண்ணிக் குளோரினைக் குறைத்து நிலைமையை மோசமாக்கினேன். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமின்களே அந்த நெடிக்குக் காரணம். நுரைக்கோ சோப்பு, உடலில் பூசும் களிம்பு, நீச்சலுடையில் தங்கிய சலவைத்தூள் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். இறங்குமுன் சோப்பில்லாமல் ஒருமுறை குளித்துவிட்டு வந்தாலே பாதித் தொல்லை தீரும்.

சயனூரிக் அமிலத்தை நீக்க நீரை வெளியேற்றுவதைத் தவிர நடைமுறையில் வழியில்லை. புது நீரில் முதல் பத்து நாட்கள் மட்டும் டைகுளோர் போடுங்கள். அமிலம் 30 பிபிஎம்மை ஒட்டி நின்றுவிடும். பிறகு மணமூட்டாத திரவக் குளோரினுக்கு மாறுங்கள். 5 சதவீதக் கரைசலில் ஏறத்தாழ 70 மில்லி ஊற்றினால் உங்கள் தொட்டிக்கு 3 பிபிஎம் கிடைக்கும். திரவக் குளோரினையும் பிஹெச் குறைக்கும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இரண்டாம் பதில்

பிஹெச் விஷயத்தை நான் சொல்கிறேன். ஜெட்டின் காற்றுத் திருகைத் திறந்து வைக்கும்போது, நீரில் கரைந்துள்ள கரியமில வாயு குமிழ்களோடு வெளியேறுகிறது. அது போகப் போகப் பிஹெச் ஏறும். காரத்தன்மை கூடுதலாக இருந்தால் வெளியேறுவதற்கு வாயுவும் கூடுதலாக இருக்கும். 140-ல் வைத்துக்கொண்டு பிஹெச்சோடு மல்லுக்கட்டுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்குச் சமம்.

பிஹெச் குறைக்கும் அமிலத்தைப் போட்டுப் பிஹெச்சை 7.2-க்கு இறக்குங்கள்; பிறகு ஜெட்டைக் காற்றோடு ஓட்டி அதைத் தானாக ஏறவிடுங்கள்; மீண்டும் இறக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் காரத்தன்மை சிறிது குறையும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 80 முதல் 120 வரை வைக்கச் சொல்கிறார்கள். என் தொட்டியில் 60-ல்தான் பிஹெச் அடங்கியது. அதற்கும் கீழே போனால் பிஹெச் திடீரென விழுந்து ஹீட்டரை அரித்துவிடக்கூடும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது காற்றுத் திருகை மூடி வைத்தாலும் பலன் தெரியும்.

மூன்றாம் பதில்

முதல் பதிலோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம், ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் உள்ள பொருளையே பயன்படுத்த வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது. குளோரின் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் 4 முதல் 8 பிபிஎம் இருக்க வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. எனவே முதல் நாளிலிருந்தே திரவக் குளோரின் போடுவதை நான் விரும்புவேன். எந்த வழியைத் தேர்ந்தாலும் நீச்சல் குளத்துக்கான டிரைகுளோர் வில்லைகளை மட்டும் இதில் போடாதீர்கள்; அவை நீரைக் கடுமையாக அமிலமாக்கிவிடும்.

அந்தப் பருக்கள் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால்களில் உண்டாக்கும் தொற்றாக இருக்கலாம். நீச்சலுடை மூடிய இடங்களில் அது அதிகம் தென்படும். பெரும்பாலும் சில நாட்களில் தானே ஆறும். ஆறாவிட்டாலும் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் ஹாட் டப்பில் இறங்கியதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கிருமி குழாய்களுக்குள் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், நீரை மட்டும் மாற்றினால் போதாது. பழைய நீரிலேயே குழாய் சுத்திகரிப்பு மருந்தை ஊற்றி, அதன் உறையில் சொன்ன நேரம் வரை ஜெட்டை ஓட்டுங்கள். பிறகு மின் இணைப்பை முழுவதுமாக நிறுத்திவிட்டு நீரை வெளியேற்றுங்கள். புது நீரை வடிகட்டி இருக்கும் குழி வழியாக நிரப்பினால் பம்பில் காற்று அடைத்துக்கொள்வது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சயனூரிக் அமிலத்துக்கான தனிச் சோதனையை வாங்கிச் செய்து பார்த்தேன். கருவி காட்டக்கூடிய உச்சமான 100-ஐயும் தாண்டிவிட்டது. குழாய் சுத்திகரிப்பு மருந்தை ஊற்றிய ஒரு மணி நேரத்தில் பழுப்பு நிறத் துணுக்குகளும் சாம்பல் நுரையும் மிதந்ததைக் கண்டபோது, இத்தனை நாள் இதிலா அமர்ந்திருந்தோம் என்று மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. புது நீர் நிரப்பித் திரவக் குளோரினுக்கு மாறி ஒன்பது நாட்கள் ஆகின்றன. நீர் தெளிவாக இருக்கிறது, நெடி இல்லை. காரத்தன்மை 70-க்கு வந்திருக்கிறது; பிஹெச் 7.6-ல் நிற்கிறது. அடுத்து எப்போது நீரை மாற்ற வேண்டும்?

முதல் பதில் எழுதியவர்

லிட்டர் அளவை 11.4-ஆல் வகுத்து, அதை நாள்தோறும் இறங்குவோர் எண்ணிக்கையால் மீண்டும் வகுப்பது வழக்கமான கணக்கு. உங்களுக்கு அது சுமார் 52 நாட்கள். திரவக் குளோரின் என்பதால் அதைவிடச் சில வாரங்கள் கூடுதலாகவே தாங்கும் என்பது என் அனுபவம். வடிகட்டியை வாரம் ஒருமுறை சாதாரண நீர்க்குழாயால் அலசுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் கருவி அதன் இழைகளைக் கிழித்துவிடும். குளோரின் ஊற்றியபின் இருபது நிமிடம் மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆவி மூடியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும்.