மது ஆராய்ச்சி மையங்களில் வேலை பார்த்தவர்கள், பங்கேற்றவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

நாட்காட்டி:
ஆறு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. நான் இருந்தது ஒரு பி50 மையம், அதாவது பி50 என்ற வகை மானியத்தில் ஓடும் மது ஆராய்ச்சி மையம். அமெரிக்க மத்திய அரசின் மது ஆராய்ச்சிக் கழகமான என்.ஐ.ஏ.ஏ.ஏ. ஐந்து வருடத்துக்குப் பணம் கொடுக்கும், அப்புறம் மறுபடி போட்டிதான். என் வேலை நேர்காணல். கடந்த 90 நாளும் கட்டம் கட்டமாக அச்சடித்த தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு நாளும் எத்தனை அளவு குடித்தார்கள் என்று கேட்டு எழுதுவேன் (ஓர் அளவு என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால்). அந்த மனிதர் மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தார். நாயை டாக்டரிடம் கொண்டுபோன நாள், சம்பளம் வந்த நாள், பெரிய மழை பெய்த நாள், இப்படி எதையாவது பிடித்துக்கொண்டுதான் அவருக்கு மற்ற நாட்கள் ஞாபகம் வரும். கடைசியாக வந்தபோது தொடர்ந்து 31 நாள் பூஜ்யம். பேனாவை என்னிடமிருந்து வாங்கி 31 பூஜ்யத்தையும் தானே எழுதினார், ஒவ்வொன்றையும் நிதானமாக, வட்டம் சரியாக முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து.

இரண்டு வாரத்தில் திடீரென்று எல்லாம் நின்றது. மையத்துக்கு நிதி நீட்டிப்பு கிடைக்கவில்லை. அடுத்த சந்திப்பு இல்லை என்று சொல்லப் போன் செய்தேன். இனிமேல் அந்தக் கட்டங்களை யார் நிரப்புவார்கள் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
நாட்காட்டி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் 'திடீரென்று' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மானிய விண்ணப்பத்துக்கு மதிப்பீட்டுக் குழு போடும் மதிப்பெண் பல மாதம் முன்பே வந்துவிடும். 10 என்றால் மிகச் சிறப்பு, 90 என்றால் மிக மோசம். அந்த எண்ணைப் பார்த்த அன்றே மேலே இருப்பவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நான் மானியக் கணக்குப் பக்கம். எங்கள் மையம் முடிந்தபோது உறைபெட்டியில் ரத்த மாதிரிகள் இருந்தன, மைனஸ் 80 டிகிரியில். மானியம் முடிந்த மறுநாளிலிருந்து அந்த மின்சாரத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது. அழிக்கும் படிவம் என் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கீழே போனேன். பெட்டி மூடியில் பனி படிந்திருந்தது. விரலால் துடைத்தால் யாரோ ஒரு மாணவியின் குண்டு எழுத்தில் ஓர் எண், அதற்குப் பக்கத்தில் 'நான்காம் வருகை'. ஒரே மனிதர் நான்கு தடவை கையை நீட்டியிருக்கிறார். ஒரு பகுதியை வேறொரு ஆய்வகம் எடுத்துக்கொண்டது. மீதிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழன் மாலை:
என்னுடையது வேறு மாதிரி. பொதுமக்களிடம் ஆய்வு முடிவுகளைச் சொல்லப் போயிருந்தேன், 2018 கடைசியில். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, தன் தம்பி கல்லீரல் சுருங்கி இறந்ததைச் சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டை என் முன்னால் வைத்தார். அதில் இருந்த செய்தி: மிதமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க 7,800 பேரை வைத்துத் திட்டமிட்ட சோதனை, 10 கோடி டாலர், அதில் பெரும்பகுதி மதுபான நிறுவனங்கள் தருவதாக ஒத்துக்கொண்ட பணம், அரசு அதிகாரிகளே அந்தப் பணத்தைத் தேடிப் போயிருந்தார்கள், அந்த ஜூன் மாதம் என்.ஐ.ஏ.ஏ.ஏ.வின் தாய் அமைப்பான என்.ஐ.எச். அந்தச் சோதனையை மூடியது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். "உங்களுக்கும் அவர்கள்தான் கொடுக்கிறார்களா?" என்று கேட்டார். இல்லை, முழுக்க வரிப்பணம் என்றேன். அது உண்மை. அவர் நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது முயற்சி:
வியாழன் மாலை, ஒரு சோதனையை வைத்து மக்கள் எல்லா மையத்தையும் எடைபோடுவது நியாயமே இல்லை. தானே குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட ஹெரால்டு ஹியூஸ் என்ற செனட்டர் போராடிக் கொண்டுவந்த சட்டத்தால் 1970இல் பிறந்த அமைப்பு என்.ஐ.ஏ.ஏ.ஏ. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கலாமே.

என் கதை சின்னது: மைய மானியத்துக்கு விண்ணப்பித்து இரண்டு தடவை நிராகரிப்பு, இரண்டாவது கடிதத்தை வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடியே படித்தேன், வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆனது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குச் சிலது சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை, தெரியும். மைய விண்ணப்பத்தில் எல்லோரும் ஆய்வுத் திட்டங்களையே மெருகேற்றுவார்கள், நிர்வாகப் பிரிவை கடைசி வாரத்தில் ஒப்பேற்றுவார்கள். அங்கேதான் அடி விழும். தனித்தனி மானியமாக வாங்காமல் இதையெல்லாம் ஏன் ஒரே கூரைக்குக் கீழே செய்ய வேண்டும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மீதி எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. பலவீனமான திட்டம் ஒன்று இருந்தால், அது நெருங்கிய நண்பருடையதாக இருந்தாலும் வெளியே எடுங்கள், மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே என்.ஐ.ஏ.ஏ.ஏ.வின் திட்ட அதிகாரியிடம் பேசுங்கள், அவர்கள் பேசத்தான் இருக்கிறார்கள். செலவில்லா நீட்டிப்பை நம்பி இருக்காதீர்கள், அது காலத்தைத்தான் தரும், புதுப் பணம் ஒரு டாலர்கூட வராது. முக்கியமாக, நான்காம் வருடத் தொடக்கத்திலேயே உங்கள் ஊழியர்களிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். 2026 நிதியாண்டுக்கான பட்ஜெட் முன்மொழிவில் என்.ஐ.ஏ.ஏ.ஏ.வையே மனநலம், போதைப்பொருள் கழகங்களோடு இணைக்கும் யோசனை வந்தது, இந்த நேரத்தில் எதையும் மறைத்துப் பயனில்லை.

பங்கேற்றவன்:
இங்கே எல்லோரும் அந்தப் பக்கம் இருந்தவர்கள், நான் இந்தப் பக்கம். நாட்காட்டி, நீங்களாவது போன் செய்தீர்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது, 'அன்புள்ள பங்கேற்பாளருக்கு' என்று. இரண்டரை வருடம் போயிருக்கிறேன். குடித்ததை மறைத்துச் சொன்ன நாளும் உண்டு, ரத்தத்தில் சில வாரம் வரைக்கும் தெரிந்துவிடும் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, அந்த நேர்காணல் செய்த பெண் ஒரு நாளும் அதைக் குத்திக் காட்டியதில்லை.

கணக்குப்பிள்ளை, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். என் மாதிரியும் எங்கேயோ இருந்தது. பிற்கால ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்தில் நான்தான் டிக் செய்தேன். இப்போது அது இருக்கிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது?

கணக்குப்பிள்ளை:
ஒப்புதல் படிவத்தின் நகல் உங்களிடம் இருக்கும், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். மையம் மூடினாலும் அந்தக் குழு நிறுவனத்தோடு இருக்கும். உங்கள் பங்கேற்பாளர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் இங்கேயே சொல்லுங்கள், கடிதம் எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன்.