‘மியா’ பாடலை முதலிடத்துக்கு உயர்த்தியது வானொலி ஒதுக்கீடா?

முத்தியால்பேட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு பயில்கிறேன். ஜூன் 21 இசைத் திருநாளையொட்டி, எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பிரெஞ்சுப் பாடலைப் பற்றிப் பேச வேண்டும். மர்செய் நகர ராப் குழுவான ‘ஐ ஆம்’ பாடிய ‘ஜ தான்ஸ் ல மியா’வை நான் எடுத்துக்கொண்டேன். அது 1994இல் பிரான்சின் பாடல் தரவரிசைப் பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்த பாடல். வானொலிகள் நூற்றுக்கு 40 பங்கு பிரெஞ்சுப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டும் என்ற சட்டம்தான் அதற்குக் காரணம் என்று வகுப்பில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் மறுத்துப் பேச ஆதாரம் கையில் இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை வாசகர்:

உங்கள் ஐயம் சரியானதே, அம்மா. அந்தச் சட்டம் 1994 பிப்ரவரி 1 அன்று இயற்றப்பட்டது. ஆனால் வானொலிகள் அந்த 40 பங்கை எட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் 1996 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ‘மியா’ அதற்குள் ஏறி இறங்கிவிட்டது. அன்றைய பட்டியல் கடைகளில் விற்ற தனிப்பாடல்களின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்பட்டது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். வானொலியில் கேட்டவர் எத்தனை பேராயினும், கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கினால்தான் பாடல் மேலே ஏறும்.

ஒதுக்கீட்டால் ராப் இசைக்குப் பயன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சில் புதிய பாடல்கள் நிறைய தேவைப்பட்டபோது அவற்றைத் தரக் காத்திருந்தவர்கள் ராப் இளைஞர்களே. 1998இல் ‘மனோ’ என்ற பிரெஞ்சு ராப் குழுவின் ‘லா த்ரிபு த தானா’ 12 வாரம் முதலிடத்தில் நின்றதை அந்தச் சூழலோடு சேர்த்துப் பார்க்கலாம். ‘மியா’வுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

மஞ்சக்குப்பம், கடலூர்:

மேலே உள்ளவர் ஆண்டுக்கணக்கைத் தெளிவாக்கிவிட்டார். பாடலின் உள்ளே இருக்கும் காரணத்தை நான் சொல்கிறேன். 1980இல் ஜார்ஜ் பென்சன் பாடிய ‘கிவ் மீ த நைட்’ பாடலின் இசைத்துண்டின் மேல் இது கட்டப்பட்டது. ராப் பக்கமே போகாதவர்களின் கால்களும் அந்தத் தாளத்துக்குத் தானாக அசையும். சொற்களோ எண்பதுகளின் தொடக்கத்தில் மர்செய் இளைஞர்கள் நடனக்கூடங்களுக்குப் போன இரவுகளைப் பற்றியவை. காலில் ஸ்டான் ஸ்மித் காலணி, கையில் சுற்றிய தோல் கோட்டு, கூடத்தை அளந்து பார்க்கும் குளிர்ந்த பார்வை என்று ஒவ்வொன்றையும் குழுவினர் அன்போடு நினைவுகூர்கிறார்கள். அந்த வயதைக் கடந்து குடும்பமாகிவிட்டவர்கள் தங்கள் இளமையை அதில் கண்டுகொண்டார்கள் என்பது என் கருத்து. மிஷேல் கோந்திரி இயக்கிய காணொளியையும் வகுப்பில் காட்டுங்கள். படக்கருவி ஒரு காட்சிக்குள் நெருங்கிக்கொண்டே போய் அடுத்த காட்சியில் நுழையும்.

இதை வைத்து ‘ஐ ஆம்’ குழுவினரை வேடிக்கைப் பாடகர்கள் என்று யாராவது ஒதுக்கினால் ஏற்காதீர்கள். ‘மியா’ இடம்பெற்ற 1993ஆம் ஆண்டின் ‘ஓம்ப்ர் ஏ லூமியேர்’ ஓர் இரட்டைத் தொகுப்பு, அதில் கனமான பாடல்களே மிகுதி. 1997இல் வந்த ‘லெகோல் து மிக்ரோ தர்ழான்’ தொகுப்பு பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அதன் இறுதியில் ஏறத்தாழ 9 நிமிடம் நீளும் பாடலில் பல்லவியே கிடையாது.

முத்தியால்பேட்டை மாணவி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சட்டத்தின் தேதிகளைக் குறித்துக்கொண்டேன். என் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா, அதாவது படைவீரர். கப்பலில் போய் அவர் முதலில் கால் வைத்த ஊர் மர்செய் என்பதால், எங்கள் வீட்டில் பாரீசை விட அந்தப் பெயர்தான் அதிகம் புழங்கும். இந்தப் பாடலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கேள்வி மீதமிருக்கிறது: பாடலில் மர்செய்க்காரர்களின் உச்சரிப்பு, சொல்லின் இறுதியில் பாரீசில் கேட்காத ஒலியை நன்றாக இழுத்து ஒலிக்கிறது. வகுப்பில் படிக்கும்போது அப்படியே சொல்லலாமா?

லாஸ்பேட்டை வாசகர்:

பாடல் வரிகளை மட்டும் அப்படியே சொல்லுங்கள். அந்த இழுப்பை எடுத்துவிட்டால் தாளத்தில் ஓர் அசை குறையும்.