மறு: கலைச்சொல் தேவை: பட்ஜெட்டில் ஏறாத அரசுக் கடன்

அனைவருக்கும் வணக்கம்.

போட்டித் தேர்வு எழுதுவோருக்கான பொது அறிவு நூலில் தமிழ்நாட்டுப் பொருளாதாரப் பகுதியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை, மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், வெள்ளை அறிக்கை எல்லாம் சட்டமன்றத்தில் புழங்கிப் புழங்கிப் பழகிய சொற்கள், தொல்லை இல்லை. மாட்டிக்கொண்டது 'ஆஃப் பட்ஜெட் பாரோயிங்' என்ற ஒன்றில்தான். கைப்பிரதியில் 'நிதிநிலை அறிக்கைக்கு அப்பாற்பட்ட கடன் பெறுதல்' என்று இருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் வட்டி ஏறிவிடும். நாலு பக்கம் தள்ளி அதையே 'புறக்கடன்' என்கிறார் மொழிபெயர்ப்பாளர். மாணவர் அதை வெளிநாட்டுக் கடன் என்றுதான் புரிந்துகொள்வார்.

பொருள் இதுதான்: மாநில அரசு தன் பெயரில் வாங்காமல் தனக்குக் கீழுள்ள நிறுவனத்தின் பெயரில் கடன் வாங்கவைக்கிறது. பணம் அரசு வேலைக்குப் போகிறது. அசலும் வட்டியும் கருவூலத்திலிருந்து போகின்றன. ஆனால் நிதிப் பற்றாக்குறையில் அந்தத் தொகை தெரியாது.

என் கையில் இருப்பவை: மறைகடன், திட்டப்புறக் கடன். இரண்டிலும் எனக்கு மனநிறைவு இல்லை.

---

> இரண்டிலும் எனக்கு மனநிறைவு இல்லை

'பினாமிக் கடன்' என்று போடுங்கள். ஊருக்கே விளங்கும்.

---

பினாமிக்காரரே, சிரித்துவிட்டேன். ஆனால் தேர்வு நூலில் போட்டால் வழக்கு வரும்.

கணக்குத் துறையில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'மறைகடன்' வேண்டாம். கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிஃப்பி என்பார்கள். இந்த விவகாரத்தில் அதிகம் அடிபட்ட பெயர் அதுதான். 2019 மார்ச்சில் 2,150 கோடி ரூபாய்க்கு மசாலா பத்திரம் (ரூபாய்க் கணக்கில் வெளிநாட்டில் விற்கும் கடன் பத்திரம்) வெளியிட்டது; மே மாதம் லண்டன் பங்குச் சந்தையில் முதலமைச்சரே மணியடித்தார். மணியடித்து வாங்கிய கடனை மறைகடன் என்று எப்படி எழுதுவது? அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. எந்த ஏட்டில் எழுதுவது என்பதுதான் சண்டை.

சண்டை எதனால் வந்தது என்பதும் மாணவருக்குத் தெரிய வேண்டும். ஒன்றிய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க வேண்டுமானால், அரசமைப்புச் சட்டத்தின் 293(3)ஆம் உறுப்பின்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல்தான் ஆண்டுதோறும் கடன் வரம்பாக வருகிறது. பொதுவாக மாநில மொத்த உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். முன்பு நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வரம்பு கடிக்கவில்லை. 2022இல் ஒன்றிய அரசு இந்த வகைக் கடன்களையும் மாநிலத்தின் வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

மாநிலங்கள் மட்டும்தான் இப்படி என்று நூலில் எழுதிவிடாதீர்கள். உணவு மானியத்துக்குத் தர வேண்டிய பணத்தை நேரடியாகத் தராமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கவைத்துப் பல ஆண்டு ஓட்டியது ஒன்றிய அரசு. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தப் பழக்கத்தை நிறுத்திப் பாக்கியை ஏட்டில் ஏற்றினார்கள். 2020-21க்கான உணவு மானியம் திருத்த மதிப்பீட்டில் ஒரே தாவாக 4 லட்சம் கோடியைத் தாண்டியது. அரிசி விலை ஏறியதால் அல்ல.

இன்னொன்று. அரசு நிறுவனம் வாங்கும் கடன் எல்லாம் இந்த வகையில் சேராது. தன் வருமானத்திலிருந்து தானே அடைத்தால் அது அந்த நிறுவனத்தின் கடன்; அரசு பின்னால் நின்று உறுதி தந்தால் உத்தரவாதக் கடன். திருப்பிக் கட்டுவது யார் என்பதே சோதனை. நம் மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடியை 2017இல் உதய் திட்டத்தில் (மின் பகிர்மான நிறுவனங்களைக் கடனிலிருந்து மீட்க ஒன்றிய அரசு கொண்டுவந்தது) மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதுவரை கழகத்தின் கடன், அதன்பின் அரசின் கடன்; ரூபாய் அதேதான்.

---

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் 'நிதிநிலை அறிக்கை' என்பதை நாங்கள் வரவு செலவுத் திட்டம் என்போம், பத்திரிகையில் பாதீடு என்றும் எழுதுவோம். குறளில் வரும் 'பாத்தூண்' இருக்கிறதே, அந்தப் 'பாத்து'தான், பகுத்து இடுவது. எனவே 'பாதீட்டுப்புறக் கடன்' என்று ஆக்கலாமே? 'திட்டப்புறம்' என்றால் உங்கள் பக்கத்தில் ஏதோ அரசு நலத்திட்டம் என்று விளங்கிக்கொள்வார்களே.

---

பாதீடு நல்ல சொல்தான் தம்பி. ஆனால் தமிழ்நாட்டில் தேர்வு எழுதும் பிள்ளை அதைத் தாளில் பார்த்திருக்க மாட்டாள். இங்கே பட்ஜெட் என்பார்கள், அச்சில் நிதிநிலை அறிக்கை என்பார்கள். 202ஆம் உறுப்பிலும் 'பட்ஜெட்' கிடையாது, 'ஆண்டு நிதிநிலை அறிக்கை'தான். தெரியாத சொல்லை விளக்க இன்னொரு தெரியாத சொல் எதற்கு?

நான் தமிழாசிரியை, கணக்கு எனக்கு வராது. ஆனால் மேலே கணக்குத் துறை ஐயா தம்மை அறியாமலே சொல்லைக் கொடுத்துவிட்டார்: 'எந்த ஏட்டில் எழுதுவது', 'பாக்கியை ஏட்டில் ஏற்றினார்கள்'. வங்கிச் செய்தியில் 'வாராக்கடன்' எவ்வளவு இயல்பாக ஊன்றிவிட்டது பாருங்கள். அதே அச்சில் இது 'ஏடேறாக்கடன்'.

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடு, பேரேடு, ரொக்க ஏடு எல்லாம் பழக்கம். ஆகவே 'ஏடு' பழைய ஓலை வாசனை அடிக்கும் சொல் அல்ல. 'கணக்கேறாக்கடன்' என்றும் யோசித்தேன். 'கணக்கில் வராத பணம்' என்றாலே கறுப்புப் பணம் என்று காது பழகிவிட்டது. அந்தக் கறை வேண்டாம்.

சோழர் செப்பேடுகளில் 'வரியிலிடு' என்று ஒரு வழக்கு உண்டு. நிலம், தேவதானம் (கோயிலுக்கு விட்ட நிலம்) எதுவானாலும் வரிப்பொத்தகத்தில் பதிந்தால்தான் செல்லும். பதிகிற அதிகாரியின் பதவிப் பெயரே 'வரியிலிடு'. அதைப் பின்பற்றி 'வரியிலிடாக் கடன்' என்று சொல்ல நா துடித்தது. ஆனால் இன்று 'வரி' என்றால் ஜி.எஸ்.டி.தான் நினைவுக்கு வருகிறது. விட்டுவிட்டேன், மனமில்லாமல்.

உங்கள் நூலில் இலக்கியப் பகுதியும் இருக்கும் அல்லவா? 478ஆம் குறளை இந்த இடத்துக்கு இழுத்து வாருங்கள்:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை

வரும் வழி சிறுத்தாலும் கேடில்லை, போகும் வழி அகலாவிட்டால். 2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என்று மதிப்பிட்டார்களே, அது போகாறு ஆகாற்றைவிட எவ்வளவு அகலம் என்பதற்கான அளவு. ஏடேறாக்கடன் என்பது வரைபடத்தில் காட்டாமல் வெட்டிய மூன்றாவது கால்வாய். அதில் தண்ணீர் வருவதும் உண்மை, ஒருநாள் திருப்பிவிட வேண்டியிருப்பதும் உண்மை.

---

> ஏடேறாக்கடன்

அம்மா, சொல் பிடித்திருக்கிறது. ஓர் ஐயம் மட்டும்: பட்ஜெட் என்பது வருமுன் போடும் மதிப்பீடு, ஏடு என்பது நடந்ததை எழுதுவது. இரண்டும் ஒன்றா?

---

கணக்குத் துறைக்காரன் சொல்கிறேன்: ஐயம் நியாயம்தான். ஆனால் ஏடேறாக்கடன் பட்ஜெட் மதிப்பீட்டிலும் வராது, ஆண்டு முடிந்து தயாராகும் நிதிக் கணக்கில் அரசுக் கடன் என்ற தலைப்பிலும் வராது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பதால் 'ஏடு' இரண்டுக்கும் பொருந்தும். தணிக்கையாளர்தான் தனியே தேடி எடுத்து அறிக்கையில் எழுதுவார். எனக்கு ஏற்பு. கூடவே 'ஏடேறாச் செலவு' என்ற சொல்லும் இலவசமாகக் கிடைக்கிறது.

---

> கூடவே 'ஏடேறாச் செலவு' என்ற சொல்லும்

பினாமியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

---

அனைவருக்கும் நன்றி. நூலில் இப்படிச் சேர்க்கிறேன்:

ஏடேறாக்கடன்: அரசின் தேவைக்காக அரசு நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கி, அசலையும் வட்டியையும் அரசே தன் நிதியிலிருந்து கட்டும் கடன். நிதிநிலை அறிக்கையின் கடன் கணக்கிலும் நிதிப் பற்றாக்குறையிலும் இடம்பெறாது. நிறுவனம் தன் வருவாயிலிருந்து அடைக்கும் கடனும், அரசு உத்தரவாதம் மட்டும் தந்த கடனும் இதில் அடங்கா.

யாழ்ப்பாணத்து நண்பரின் 'பாதீட்டுப்புறக் கடன்' ஈழ வழக்கு என்ற குறிப்போடு பக்கத்தில் வரும். எழுத்துக்கோப்பவர் 'ஏடேறாக் கடன்' என்று பிரித்து அனுப்பியிருக்கிறார். எது சரி அம்மா?

---

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'ஓடாக் குதிரை' மாதிரி, வல்லினம் மிகும். பிரித்தாலும் பிழையில்லை. ஆனால் சேர்த்தே எழுதுங்கள். பிரித்துவிட்டால் அடுத்த பதிப்பில் யாராவது 'க்'கைத் தின்றுவிடுவார்கள்.