6 டிகிரி தண்ணீரில் இரண்டு டைவ்

குளிர்ந்த கடலில் படகு டைவ் போய்வந்தவர்கள் எழுதுங்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நான் போய்வந்து இரண்டு வாரம் ஆகிறது. விரலில் அந்த மரத்துப்போன உணர்வு மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வெதுவெதுப்பான கடலில் அறுபது டைவுக்கு மேல் ஆகியிருந்தது. 28 டிகிரித் தண்ணீரில் மெல்லிய சூட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வருகிற பழக்கம். தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட்டில் பயிற்சியை ஒரு ஏரியில் முடித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு இந்த வட பசிபிக் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அட்டையைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். டைவ் மாஸ்டர் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு லாக் புத்தகத்தைக் கேட்டார். கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினீர்கள்? டிரைசூட்டில் எத்தனை டைவ்? ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) எப்போது சர்வீஸ் செய்தீர்கள்? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். அப்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த மனிதர் மேல் மரியாதைதான் இருக்கிறது.

எனக்கு ஜோடியாக வந்தவர் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி. அக்கா என்றே கூப்பிட்டேன். குளிர்த் தண்ணீரில் பல வருடம் இறங்கியவர். படகு கிளம்பியதும் என்னைத் தளத்தின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு காரியம் செய்ய வைத்தார்.

முதலாவது, தடிமனான கையுறையோடு ஒருவர் முதுகில் இருக்கும் சிலிண்டர் வால்வை இன்னொருவர் மூடித் திறப்பது. நாலைந்து முறை செய்தோம். கையுறைக்குள்ளிருந்து அந்தக் குமிழ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே முதல் முறை எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது, டைவை எப்போது முடிப்பது என்று அங்கேயே பேசி முடிப்பது. "யாராவது ஒருத்தருக்கு சிலிண்டர் காற்றழுத்தம் 120 பார்னு காட்டினா திரும்பணும். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட மாட்டேன்னா அப்பவும் திரும்பணும். எது முந்துதோ அது. கீழ போய் யோசிக்கக் கூடாது, இப்பவே முடிவு பண்ணிக்கோங்க தம்பி" என்றார்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இதுதான். குளிர் முதலில் விரலைப் பிடிக்கிறது, பிறகு யோசனையைப் பிடிக்கிறது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அரை மணி நேரம் அதில் இருந்துவிட்டு "இன்னும் ஐந்து நிமிடம் தாங்குவேனா" என்று நம்மை நாமே கேட்டால் வருகிற பதிலை நம்ப முடியாது. தலை சூடாக, கால் தரையில் இருக்கும்போது எடுத்த முடிவுதான் கீழே துணைக்கு வரும்.

டிரைசூட் மாட்டுவது பெரிய வேலை. உள்ளே கம்பளி போன்ற தடித்த உடை, அதன் மேல் சூட், கழுத்திலும் மணிக்கட்டிலும் தோலை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டை. கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒரு தலைமுடியோ நூலோ சிக்கினால் போதும், தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிவிடும். அக்கா என் கழுத்தைச் சுற்றி விரலை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்தார். உள்ளாடையிலிருந்து பிரிந்த ஒரு நூல் கிடைத்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். அரை விரல் நீளம்கூட இல்லை.

நீரோட்டம் நிற்கும் நேரம் பார்த்துத்தான் இறக்கினார்கள். வெளியே காற்று 2 டிகிரி, தண்ணீர் 6 டிகிரி. முகத்தில் தண்ணீர் பட்டதும் நெற்றியில் ஆணி அடித்தது போல ஒரு வலி. மூச்சு தானாகத் திக்கித் திக்கி வந்தது. அந்த முதல் ஓரிரண்டு நிமிடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா மிதக்கச் சொல்லியிருந்தார்கள். மூச்சு அடங்கிய பிறகுதான் இறங்கினோம். சிலிண்டரை நிரப்பியதும் 200 காட்டிய மானி கீழே 190 காட்டியது. காற்று எங்கும் கசியவில்லை. நிரப்பும்போது சூடேறிய சிலிண்டர் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் கணக்குப் போட்டால் ஆரம்பத்திலேயே பத்து பார் பொய்க் கணக்காகிவிடும்.

கீழே பார்த்ததைச் சொல்ல வேண்டும். பாறைச் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கடற்சாமந்திகள், ஒவ்வொன்றும் முழங்கை உயரம். குளிர்காலத்தில் மிதவை உயிரிகள் குறைவு என்பதால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. 18 மீட்டரில் ஒரு பாறை இடுக்கின் முன்னால் நண்டு ஓடுகள் குவிந்து கிடந்தன. அக்கா விளக்கை நேராக அடிக்காமல் ஓரமாகச் சாய்த்துக் காட்டினார். உள்ளே ராட்சத பசிபிக் ஆக்டோபஸ், நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்வார்களே, அந்த இனத்திலேயே ஆகப் பெரியது. நண்டைத் தின்றுவிட்டு ஓடுகளை வாசலில் தள்ளிவிடும் பழக்கம் அதற்கு. அந்தக் குப்பையைத் தேடித்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்களாம்.

நான் கையை நீட்டவில்லை. பாறையைப் பிடித்தபடி இருந்தேன். ஒரு கரம் மெதுவாக வெளியே வந்தது. நுனி என் கையுறையின் மேல் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தது. பிறகு உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக ஒட்டின. தடித்த ரப்பருக்கு மேலேயும் அந்த இழுப்பு தெரிந்தது. அதன் தோல் செங்கல் நிறத்திலிருந்து வெளிறி, மறுபடி சிவந்தது. மூன்று இதயமும், செம்பு கலந்த நீல இரத்தமும் கொண்ட உயிர் அது. எனக்கு விரல் மரத்துக்கொண்டிருந்த அதே தண்ணீரில் அது எவ்வளவு நிதானமாக இருந்தது! கட்டைவிரலை மடக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கு எட்டவில்லை. மானி 135 காட்டியது, காற்று இன்னும் இருந்தது. ஆனாலும் கையைக் காட்டினேன், திரும்பினோம். மனசு வரவில்லைதான்.

இரண்டாவது டைவில்தான் தவறு செய்தேன். செய்தது நான்தான், வேறு யார் மேலும் குறையில்லை. இடையில் ஒரு மணி நேரம் அறைக்குள் உட்கார்ந்திருந்தோம். வியர்த்து ஈரமான உள்ளாடையை மாற்றாமல் விட்டேன். இறங்கும் முன், வாயில் கடிக்கும் பகுதி சற்றுத் தளர்ந்திருந்த மாதிரி தோன்ற, திறந்த வெளியில் ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலைந்து மூச்சு இழுத்து விட்டேன். அதில் காற்றைப் பீய்ச்சும் பொத்தானையும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். பயிற்சியில் கூடாது என்று படித்த விஷயம். மூச்சிலுள்ள ஈரம் அந்தக் குளிர்க் காற்றில் உள்ளே பனியாகப் படியத் தொடங்கிவிடும்.

24 மீட்டர், பதினோராவது நிமிடம். சூட் உடம்பை இறுக்கியது. சூட்டுக்குள் காற்று விட மார்பிலுள்ள வால்வை நீளமாக அழுத்தினேன். அதே நேரம் லேசான நீரோட்டத்தை எதிர்த்துக் கால் அடித்ததால் மூச்சும் வேகமாக இழுத்தேன். இரண்டும் ஒரே சிலிண்டரிலிருந்து, ஒரே நேரத்தில். சிலிண்டரிலிருந்து வரும் காற்று ரெகுலேட்டரின் முதல் நிலையில், அதாவது சிலிண்டரில் மாட்டும் உலோகப் பகுதியில், சட்டென்று விரிந்து பயங்கரமாகக் குளிரும். தண்ணீர் 6 டிகிரியாக இருந்தாலும் அந்த உலோகத்தில் பனி பிடிக்கும், உள்ளே வால்வு மூட முடியாமல் திறந்தபடியே உறைந்துவிடும். ஐரோப்பியத் தரமான இ.என். 250 இல் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் ரெகுலேட்டருக்குத் தனிச் சோதனை வைத்திருப்பது இதனால்தான்.

ஒரு சொடுக்குச் சத்தம். அடுத்த நொடி வாய்க்குள் காற்று பீறிட்டது. கண்ணுக்கு முன்னால் குமிழி தவிர ஒன்றும் தெரியவில்லை. பல்லைக் கடித்து, உதட்டோரம் காற்றை வழியவிட்டு, குழாயடியில் தண்ணீர் குடிப்பது போல வேண்டியதை மட்டும் இழுத்தேன். அதற்குள் அக்காவின் மாற்று ரெகுலேட்டர் என் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. மாற்றிக்கொண்டேன். அவர் கை என் தோளுக்குப் பின்னால் போனது. சத்தம் நின்றது. காலையில் நாலைந்து முறை செய்து பார்த்த அதே அசைவு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, என் சிலிண்டர் 150 இலிருந்து 60 க்கு வந்திருந்தது.

ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடமும் அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்து பி.சி.டி.யில் (மிதக்க உதவும் காற்றுச் சட்டை) காற்று நிரப்ப வால்வைத் திறந்தபோது ரெகுலேட்டர் ஒன்றுமே நடக்காதது போல அமைதியாக இருந்தது. பனி உருகிவிட்டிருந்தது.

இதுபோல யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, படிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. என் கதை ரெகுலேட்டர் இல்லை, சூட்.

எனக்கு அது நான்காவது டிரைசூட் டைவ். 8 மீட்டர்தான். பின்னால் யாரோ என் ஃபின்னை, காலில் மாட்டும் துடுப்பை, பிடித்து இழுத்தார்கள். என் ஜோடி என்று நினைத்துத் திரும்பினால் ஒரு குட்டி சீல், ஃபின் நுனியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. பெரிய கறுத்த கண், மீசை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழி. இன்னும் நன்றாகப் பார்க்கத் தலையைக் கீழே சாய்த்தேன். சூட்டிலிருந்த காற்று முழுக்கக் காலுக்கு ஓடிவிட்டது. கால் பலூன் மாதிரி வீங்கி, தலைகீழாக மேலே போக ஆரம்பித்தேன். முழங்காலை மடக்கி உருண்டு, நிமிர்ந்து, இடது தோளை உயர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பயிற்சியில் பத்து முறை செய்திருக்கிறேன். அப்போது மட்டும் இரண்டு நொடி தாமதமாக ஞாபகம் வந்தது. அந்த இரண்டு நொடியில் மேலே வந்துவிட்டேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேகமாக மேலே வந்தால் உடம்பில் வாயுக் குமிழி உண்டாகி அழுத்த நோய் வரலாம் என்பதால், படகுக் கேப்டன் அன்றைக்கு என்னை மறுபடி இறக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கை கால் கூச்சம் இருக்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவரோடு வாதம் செய்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று. அழுததும் உண்மை. அந்த வாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

* * *

காதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். தலையுறை ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்ததால் ஒரு காதுக்குள் மட்டும் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் புகுந்தது. உலகமே சுழன்றது. மேல் கீழ் தெரியவில்லை. இறங்கு கயிறு கைக்கு எட்டியதால் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு கண்ணை ஒரே முடிச்சில் வைத்திருந்தேன். உள்ளே போன தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் சுழற்சி நின்றது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். அந்தக் கயிறு இல்லாத இடத்தில் நடந்திருந்தால் என்று இப்போதும் யோசிப்பேன். இறங்கியதும் கயிற்றை விட்டு விலகாதீர்கள் என்று படகில் சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

* * *

எழுதிய இருவருக்கும் நன்றி. தங்கையே, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்ட அந்தக் கேப்டனுக்கு என் வணக்கம்.

தனிச் செய்தியில் இரண்டு கேள்வி வந்தது. 7 மில்லிமீட்டர் வெட்சூட் (தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் சூட்) போதாதா என்று ஒருவர் கேட்டார். குட்டையான, ஆழமில்லாத டைவுக்குச் சிலர் போகிறார்கள். ஆனால் அந்த ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிதான் உடம்பின் வெப்பத்தைக் காக்கிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு அழுத்தத்தில் அது நசுங்கி மெலிந்துவிடும். மிகக் குளிரும் இடத்தில்தான் சூட் மிக மெல்லியதாக இருக்கும். ஒரே நாளில் இரண்டு டைவ் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மின்சாரத்தில் சூடாகும் உள்ளாடை பற்றி இன்னொருவர் கேட்டார். நல்லதுதான், ஆனால் ஒன்று கவனியுங்கள். அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007 இல் வெளியிட்ட ஆய்வில், அடியில் சூடாக இருந்துவிட்டு ஏறும்போது குளிர்ந்துபோன டைவர்களுக்குத்தான் அழுத்த நோய் அதிகம் வந்தது. கீழே முழு வேகத்தில் சூடு வைத்துக்கொண்டு ஏறும்போது பேட்டரி தீர்ந்துபோனால் அதே நிலைமைதான். வெப்பத்தை மேலே ஏறும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.

அக்காவிடம் நேற்றுப் பேசினேன். அடுத்த பயணத்துக்குச் சேர்ந்தே போகிறோம். ரெகுலேட்டரைச் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் லாக் புத்தகத்தில் ஆழம், நேரம், பார் மூன்றுக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடாமல் போன நிமிடம் எது என்று. அன்றைய முதல் டைவுக்கு என் கட்டத்தில் 26. அக்காவின் புத்தகத்தில் 38. அடுத்த முறை இரண்டு பேருக்கும் 26 ஐ வைத்துத்தான் திட்டம்.