எக்ஸ்எம்எல் பதிலிலிருந்து எடுத்த டோக்கன்: 1 யூசருக்கு ஓடுகிறது, 100 பேருக்கு விழுகிறது

சுமைதாங்கி:
வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

ஜேமீட்டர் (லோடு டெஸ்ட் கருவி) ஸ்கிரிப்ட். முதல் ரிக்வெஸ்ட் சோப் (எக்ஸ்எம்எல்லில் செய்தி அனுப்பும் முறை) லாகின். பதிலில் 24 எழுத்து பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) டோக்கன் ஒன்று வரும், லாகின் ஆனதற்கு அடையாளமாக. அதை எடுத்து அடுத்த கெட் ரிக்வெஸ்ட்டின் யூஆர்எல் கடைசியில் ஒட்டுகிறேன். பதிலில் அந்த வரி இப்படி (நிஜப் பெயரைப் பொதுவில் போடக் கூடாது, அதனால் டேக் பெயரைத் தமிழில் மாற்றியிருக்கிறேன்):

<என்எஸ்2:டோக்கன்>…</என்எஸ்2:டோக்கன்>

எக்ஸ்பாத்2 எக்ஸ்ட்ராக்டரில் (எக்ஸ்எம்எல்லில் டேக் பெயர் வழியாகத் தேடி எடுப்பது) //டோக்கன் என்று கொடுத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய், எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குத் தாவினேன்:

<என்எஸ்2:டோக்கன்>(.+?)<

1 யூசரை வைத்து மூன்று தடவை ஓட்டினேன், மூன்றும் பச்சை. 100 யூசர் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் 25, 30 பேருக்கு 401 (அனுமதி இல்லை என்ற பதில்). யாருக்கு விழும் என்பதில் ஒழுங்கே இல்லை. லோடு ஏறினால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் சொதப்புமா? டெவலப்பர்கள் "உங்கள் ஸ்கிரிப்ட்தான் தப்பு" என்கிறார்கள். எனக்கென்னவோ சர்வர் மேல்தான் சந்தேகம்.

எக்ஸ்பாத்_பித்தன்:
முதல் பாதிக்கு மட்டும் பதில். அந்த டேக் ஒரு நேம்ஸ்பேஸுக்குள் (ஒரே பெயருள்ள டேக்குகள் குழம்பாமல் பிரிக்கும் பெயர்க் குழு) இருக்கிறது, என்எஸ்2 என்பது அதைக் காட்டும் முன்னொட்டு. //டோக்கன் என்றால் "எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத டோக்கன்" என்று அர்த்தம், அப்படி ஒன்று உங்கள் பதிலில் இல்லை. //*:டோக்கன் என்று எழுதுங்கள், எடுத்துவிடும். முறையாகச் செய்ய வேண்டுமானால் கீழே நேம்ஸ்பேஸ் பெட்டியில் ஒரு முன்னொட்டையும் முழு நேம்ஸ்பேஸ் முகவரியையும் சமக்குறி போட்டு இணைத்துவிட்டு, அந்த முன்னொட்டோடு எழுதலாம். முன்னொட்டு சர்வர் வைத்த அதே பெயராக இருக்க வேண்டியதில்லை, முகவரிதான் பொருந்த வேண்டும்.

பழைய_கை:
ரெகுலர் எக்ஸ்பிரஷனை விட வேண்டாம். பதில் பெரிதாக இருந்தால் எக்ஸ்பாத் மொத்தத்தையும் மரமாகக் கட்டி மெமரியைத் தின்னும், லோடு கொடுக்கும் மெஷினே முதலில் மூச்சு வாங்கும். ஒரே ஒரு டோக்கனுக்கு அது எதற்கு? ஆனால் என்எஸ்2-வை நம்பாதீர்கள். லைப்ரரி தானாக வைக்கும் பெயர் அது, அடுத்த டெப்ளாய்மென்ட்டில் என்எஸ்3 ஆகிவிடலாம். இப்படி எழுதுங்கள்:

<(?:[^/:>]+:)?டோக்கன்>([^<]+)<

இப்போது 401. லோடு ஏறினாலும் எக்ஸ்பிரஷன் மாறாது. விழுந்த ரிக்வெஸ்ட்டுகளின் டோக்கன்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு + இருக்கும் என்று பந்தயம்.

பேஸ்64-இல் 64 எழுத்துகள், அதில் ஒன்று +. யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் அப்படியே போனால் சர்வர் அதை இடைவெளியாகப் படிக்கும், டோக்கன் செல்லாது. 24-ல் கடைசி இரண்டும் சமக்குறியாக இருந்தால் அது 16 பைட். அதற்கு முந்தைய எழுத்தில் + வரவே வராது. மீதி 21 இடத்தில் ஒரு + ஆவது வர வாய்ப்பு சுமார் 28 சதவீதம். உங்கள் 25, 30 அங்கிருந்துதான் வருகிறது. 1 யூசரில் மூன்று தடவை தப்பியது அதிர்ஷ்டம். 50 சுற்று விட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும்.

டோக்கனைப் பாத் பெட்டியில் ஒட்டாமல் பாராமீட்டர் அட்டவணையில் போட்டு, யூஆர்எல் என்கோட் கட்டத்தை டிக் செய்யுங்கள்.

சுமைதாங்கி:
பந்தயம் உங்களுக்கே. விழுந்த 27-இலும் + இருந்தது. டிக் போட்டதும் 100-உம் பச்சை. டெவலப்பர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

இன்னொரு குழப்பம். லூப்பை 5 ஆக்கினேன். இரண்டாம் சுற்றில் ஒரு லாகின் பிழைச் செய்தியோடு திரும்பியது, ஆனாலும் அடுத்த ரிக்வெஸ்ட் பாஸ். அது எப்படி?

பழைய_கை:
டிஃபால்ட் வேல்யூ பெட்டியைக் காலியாக விட்டிருப்பீர்கள். பொருத்தம் கிடைக்காவிட்டால் ஜேமீட்டர் அந்த வேரியபிளைத் தொடாது, முதல் சுற்றின் டோக்கனே அதில் கிடக்கும். அந்தப் பெட்டியில் "கிடைக்கவில்லை" என்று ஏதாவது எழுதி வையுங்கள். அப்புறம் லாகினிலேயே ஓர் அசர்ஷன் (பதில் சரியாக வந்ததா என்று பார்க்கும் சோதனை) போட்டுவிடுங்கள், பிழை அடுத்த ரிக்வெஸ்ட் வரை நகராது.