டிவில பாத்த தீ 20 வருசமா விடமாட்டேங்குது, யாருக்காச்சும் இப்படி இருக்கா?

செல்லூர்க்காரன்:
2004 ஜூலை 16, கும்பகோணம் ஸ்கூல் தீ, 94 பிள்ளைக. நான் அப்ப மூணாப்பு. ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல டிவி, அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் அழுதுக்கிட்டே பாக்குறாங்க, நானும் ஓரமா உக்காந்து ராத்திரி வரைக்கும் பாத்தேன், அங்கிட்டு போடான்னு ஒருத்தரும் சொல்லல. எங்க வகுப்பும் கீத்துக் கொட்டகைதான். திங்கக்கிழமைல இருந்து வாசப்பக்கம் உக்கார தினமும் சண்ட. அப்பறம் கீத்தப் பிரிச்சு சீட்டு போட்டுட்டாங்க, எனக்குத்தான் பயம் போகல. போன மாசம் திருமங்கலம் பக்கம் காதுகுத்து, கீத்துப் பந்தல், பந்திக்குப் பின்னாடியே அடுப்பு எரியுது. எலைல கறி வச்சுட்டாங்க, நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். மாமனார் இன்னும் பேசல. நேர்ல கூட பாக்கலயேப்பா, டிவில பாத்ததுக்கா?

வண்டியூர் மாப்ள:
கறிய விட்டுட்டு எந்திரிச்சியா, மாமா கோவப்படாம என்ன செய்வாரு 😂 ஆனா கிண்டலுக்கு சொல்லல, சுனாமி நியூஸ் பாத்ததுல இருந்து எங்க அண்ணே ராமேஸ்வரம் ரயில்ல பாம்பன் வந்தா கண்ண மூடிக்குவான்.

பெரியவர்67:
நாங்கெல்லாம் பாக்காததா. இந்தக் காலத்துப் பிள்ளைக மனசு தாங்கல, அம்புட்டுதான்.

மீனாட்சி சைக்காலஜி:
ஐயா, அப்படி இல்ல. 1999ல அமெரிக்காவுல ஹாரிசன், கேன்டர்னு ரெண்டு பேரு காலேஜ் பிள்ளைககிட்ட கேட்டாங்க, 90 சதவீதம் பேரு சின்ன வயசுல டிவில, சினிமால ஏதோ ஒண்ணப் பாத்து பயந்தத சொன்னாங்க, அதுல கால்வாசிப் பேருக்கு அப்பவும் அந்தப் பயம் மிச்சம் இருந்துச்சு. தம்பி, மூளைல அமிக்டலான்னு ஒரு இடம் பயத்தப் புடிச்சு வச்சுக்கும், 'டிவிதான'ன்னு புத்திக்குத் தெரிஞ்சாலும் அது கேக்காது. அதுலயும் சின்னப் பிள்ளைகளுக்கு ரீப்ளேவே புரியாது. 9/11 அப்ப, திரும்பத் திரும்ப காட்டுனத ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கட்டடம் இடியுதுன்னு நெனச்ச பிள்ளைக உண்டு. கொஞ்சங் கொஞ்சமா பழக்கி எடுக்குற தெரபி இருக்கு, மொத நாள் கீத்து போட்டோ, அப்பறம் ஆளில்லாத பந்தல், கடைசிலதான் அடுப்பு எரியுற பந்தி. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க, இல்ல கவர்மென்ட்டு மனநல உதவி நம்பர் 14416க்கு அடிங்க, காசு கெடையாது.

செல்லூர்க்காரன்:
அக்கா, ரீப்ளேன்னு சொன்னதும் திக்குன்னு ஆயிருச்சு. என் மகளுக்கு 5 வயசு. போன வாரம் எங்கப்பா போன்ல ஏதோ ஆக்சிடென்ட் வீடியோ ஓடிக்கிட்டே இருந்துச்சு, இவ எட்டிப் பாத்துட்டு 'தாத்தா, அந்த அண்ணே எத்தன தடவ விழுவாரு'ன்னு கேட்டா. நாங்க எல்லாரும் சிரிச்சோம்.